பள்ளிக்கரணையிலிருந்து தண்ணீர்ப்பள்ளிக்கு

பள்ளிக்கரணையில் அமைதியைத் தேடுவது கொஞ்சம் வேடிக்கையான காரியம்தான். வேளச்சேரி – தாம்பரம் சாலையில் விடிவதற்கு முன்பே லாரிகள் உறுமத் தொடங்கிவிடும். துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலையில் இரவுப் பணி முடித்த ஐ.டி. ஊழியர்களை ஏற்றிய வேன்கள் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் பறக்கும். இந்த இரைச்சலுக்கு நடுவே, பெருங்குடி குப்பைக் கிடங்கை ஒட்டிச் சதுப்புநிலம் கிடக்கிறது. ஒரு காலத்தில் இதைப் போலப் பல மடங்கு விரிந்து கிடந்த நீர்ப்பரப்பு. கட்டடங்களும் சாலைகளும் குப்பையும் தின்றது போக மிஞ்சியதுதான் இது. 2022-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது கணக்கில் வந்த பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர்.

காலை வேளைகளில் சாலையோரமாகத் தொலைநோக்கியோடு சிலர் நிற்பதைப் பார்க்கலாம். கோரைக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழி வெளியே வர வேண்டும். கூப்பிட்டால் வராது. சத்தம் போட்டால், வெளியே இருப்பதும் உள்ளே ஓடிவிடும். ஆகவே நிற்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் லாரி போகிறது, அப்போதும் நிற்கிறார்கள். கிறிஸ்தவ மரபு ‘கேட்கும் ஜெபம்’ என்று சொல்வது ஏறக்குறைய இந்த நிற்பைத்தான்.

ஞாயிறு காலை இதே பகுதியில் காட்சி வேறு. கத்தோலிக்கப் பங்கு ஆலயங்கள், சி.எஸ்.ஐ. சபைகள், மாடிக் கூடங்களில் கூடும் சுயாதீன சபைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. கீபோர்டும் டிரம்ஸும் தெருமுனை வரை கேட்கும். கடவுளோடு பேசுவதில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் குறை வைப்பதில்லை. துதி, ஸ்தோத்திரம், விண்ணப்பம், சாட்சி, பிரசங்கம் என்று வரிசையாக வரும். ஜெபக் குறிப்புகளைப் பார்த்துப் பேர் பேராக மன்றாடுவார்கள். மாதம் ஒருமுறை முழு இரவு ஜெபமும் உண்டு. இவ்வளவும் பேசிய பிறகு அந்தப் பக்கம் என்ன சொல்கிறது என்று கேட்க எவ்வளவு நேரம்? ஆமென் சொன்ன கையோடு செருப்பைத் தேடுவது எல்லாச் சபைக்கும் பொதுவான பழக்கம்.

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் நூறு ஆண்டுகளாகச் சிலர் கேட்டிருக்கிறார்கள். கேட்டதோடு நிற்காமல் வீடு வாசலை, வேலையை, சிலர் நாட்டையே விட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் கால் பதித்த இடங்களைப் பள்ளிக்கரணையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகலாம். சின்னமலை, தாம்பரம், திருப்பத்தூர், கடைசியில் காவிரிக்கரைத் தண்ணீர்ப்பள்ளி.

குகையும் கல்லூரியும்

முதல் நிறுத்தத்துக்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. வேளச்சேரி, கிண்டி தாண்டினால் சைதாப்பேட்டையில் சின்னமலை. அண்ணா சாலையின் நெரிசலிலிருந்து விலகிச் சில நிமிடம் நடந்தால் பாறை, அதன்மேல் ஆலயம், பாறைக்குள் ஒரு குகை. இயேசுவின் சீடர் தோமா இந்தக் குகையில் தங்கி ஜெபித்தார், பிறகு கி.பி. 72-இல் பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்பது மரபு. வரலாற்று ஆசிரியர்கள் இதில் ஒத்துப்போவதில்லை. 1551-இல் போர்த்துக்கீசியர் இங்கே ஆலயம் எழுப்பியது மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாத செய்தி.

குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். கூட்டம் கொள்ளாத சிறிய இடம். பாறையில் ஒரு திறப்பு இருக்கிறது. தோமா அதன் வழியாகத்தான் தப்பிப் போனார் என்று சொல்கிறார்கள். உயிர்த்த இயேசுவைக் கண்ணால் கண்டு, காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்தவர் தோமா. அவர் பெயரால் வணங்கப்படும் இந்தக் குகையில் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. வருகிறவர்கள் பாறையைத் தொடுகிறார்கள், முழந்தாளிடுகிறார்கள். சிலர் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறார்கள். அடுத்த குடும்பம் வாசலில் காத்திருப்பதால் அதிக நேரம் இருக்க முடிவதில்லை.

கிண்டியில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம். ரயில் நிலையத்துக்குக் கிழக்கே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பெரிய வளாகம் இருக்கிறது. ஜார்ஜ் டவுனின் சந்தடியிலிருந்து 1937-இல் கல்லூரி இங்கே இடம் மாறியது. அப்போது இது புதர்க்காடு. இப்போதும் வளாகத்துக்குள் புள்ளிமான்கள் திரிகின்றன. இடம் மாறிய அடுத்த ஆண்டே, 1938 டிசம்பரில், உலகமே இந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தது. பன்னாட்டு மிஷனரி மன்றத்தின் மாநாட்டுக்கு ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து 470-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் வந்தார்கள். உலகப் போர் வாசலில் நிற்கிற நேரம். சீனரும் ஜப்பானியரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய நாடுகள் அப்போது சண்டையில் இருந்தன.

மாநாட்டில் அனல் பறந்தது வேறொரு விஷயத்தில். கிறிஸ்துவில் வெளிப்பட்ட கடவுளுக்கும் மற்ற மதங்களின் தேடலுக்கும் இடையே தொடர்ச்சி கிடையாது என்று டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் வாதிட்டு ஒரு தடித்த புத்தகத்தையே எழுதி வந்திருந்தார். அதற்குச் சென்னைக்காரர்கள் பதில் வைத்திருந்தார்கள். நீதிபதியாக இருந்த பி. செஞ்சையா, அவருடைய மைத்துனரும் வழக்கறிஞருமான வி. சக்கரை முதலியோர் கொண்ட குழு அதே 1938-இல் இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திப்பது பற்றி ஒரு நூலை வெளியிட்டது. சக்கரை தொழிற்சங்கவாதி, 1941-இல் சென்னை மேயரானவர். இவர்களுக்குக் கட்டடமும் கமிட்டியும் பட்ஜெட்டுமாக இருந்த சபையைவிடக் கிறிஸ்துவை நேராக அனுபவிப்பதே முக்கியம். 1941-இல் ஆசிரமங்களைப் பற்றியும் ஒரு நூல் கொண்டுவந்தார்கள்.

அதே தாம்பரத்தில், இரும்புலியூரில், இன்னொரு மரபின் தலைமையகம் இருக்கிறது. 1920-களில் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய தி பெந்தெகொஸ்தே மிஷன். வெள்ளுடை அணிந்து, மணம் செய்யாமல், ‘விசுவாச வீடு’களில் சேர்ந்து வாழும் ஊழியர்கள் இந்தச் சபையின் அடையாளம். பெந்தெகொஸ்தே என்றதும் உரத்த துதிதான் பலருக்கு நினைவு வரும். ஆனால் ஆவியானவருக்காகக் காத்திருக்கும் கூட்டத்தைக் ‘காத்திருப்புக் கூட்டம்’ என்றே சொல்கிற மரபு அது. சத்தமும் காத்திருப்பும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர்கள் நினைப்பதில்லை.

கேட்பதைப் பற்றி ஞாயிறு பள்ளியில் எல்லாச் சபைப் பிள்ளைகளும் படிக்கும் கதை சாமுவேலுடையது. ஆலயத்தில் படுத்திருக்கும் சிறுவனைக் கடவுள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். குரு ஏலிதான் கூப்பிடுகிறார் என்று பையன் மூன்று முறை எழுந்து ஓடுகிறான். கூப்பிடுவது யார் என்று ஏலிக்குப் புரிகிறது. எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார். ஞாயிறு பள்ளி டீச்சர் பெரும்பாலும் கதையை இங்கேயே முடித்துவிடுவார். அந்த இரவில் பையன் காதில் விழுந்தது என்ன? தன்னை வளர்த்த ஏலியின் குடும்பம் அழியப்போகிறது என்ற செய்தி. விடியும் வரை படுத்துக் கிடந்துவிட்டு, எழுந்து வழக்கம்போல ஆலயக் கதவுகளைத் திறக்கிறான் சாமுவேல். கேட்டதைப் பெரியவரிடம் சொல்லப் பயப்படுகிறான். அமைதியாக உட்கார்ந்தால் மனதுக்கு இதமாக இருக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் கதையின் இந்தப் பின்பாதியைக் கவனிக்க வேண்டும். இனி வரும் இரண்டு ஊர்களிலும் நடந்தது இந்தப் பின்பாதிதான்.

பெரியண்ணனும் சின்னண்ணனும்

சென்ட்ரலில் ரயில் ஏறினால் ஜோலார்பேட்டை வழியாகத் திருப்பத்தூர். ஒரு பக்கம் ஏலகிரி, மறுபக்கம் ஜவ்வாது மலை. 2019-இல் தனி மாவட்டமான இந்த ஊரில், 1921-இல் இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். புராட்டஸ்டன்ட் சபையினர் தொடங்கிய முதல் ஆசிரமம் என்று இதைச் சொல்வார்கள். ஒருவர் நெல்லைச் சீமையைச் சேர்ந்த சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஊர் மக்களுக்கு முதலாமவர் ‘பெரியண்ணன்’, இரண்டாமவர் ‘சின்னண்ணன்’.

இதில் ‘சின்ன’ என்ற அடைமொழி வெள்ளைக்காரருக்குப் போனதைக் கவனிக்க வேண்டும். மிஷன் பங்களாவில் ஐரோப்பியர், அவருக்குக் கீழே சம்பளத்துக்கு இந்திய ஊழியர் என்பதுதான் அன்றைய நடைமுறை. இங்கே இருவரும் ஒரே சாப்பாடு, ஒரே கதர், ஒரே தரை. மணம் செய்யாமல் வாழ்ந்தார்கள். சம்பளம் வாங்காமல் ஏழைகளுக்கு மருத்துவமனை நடத்தினார்கள். பேட்டனின் குடும்பம் அல்லோவா நகரில் கம்பளி நூல் ஆலை வைத்திருந்த பணக்காரக் குடும்பம். ஆலை நூலில் வளர்ந்த பிள்ளை கைநூல் வேட்டி கட்டியதை அந்தக் காலத்து வெள்ளையர் ரசித்திருக்க மாட்டார்கள்.

போலீசும் ரசிக்கவில்லை. 1932-இல் சென்னையில் அந்நியத் துணிக் கடை மறியல் நடந்த இடத்தில் கதர் உடையில் நின்ற பேட்டனைப் போலீசார் அடித்தார்கள். ஒரு வெள்ளைக்கார டாக்டரை அடித்த செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. விடிகாலையில் கண்மூடி உட்கார்ந்து ஜெபிப்பவருக்கு மறியல் நடக்கும் தெருவில் என்ன வேலை என்று கேட்கலாம். கிறிஸ்துகுலத்தார் இதை இரண்டு வேலையாகப் பார்க்கவில்லை.

ஆசிரமத்தின் ஜெப ஆலயம் 1930-களின் தொடக்கத்தில் திராவிடக் கோயில் பாணியில் எழுந்தது. ஊசிக் கோபுரமும் வண்ணக் கண்ணாடியுமாக இருந்தால்தான் சர்ச் என்று நினைத்த காலம். கல்தூண் மண்டபம், தமிழ்ப் பாட்டு, கீழே அமர்ந்து வழிபாடு என்று இவர்கள் வைத்ததைப் பார்த்து, கோயிலைக் காப்பியடிக்கிறார்கள் என்று சபைக்குள்ளேயே முணுமுணுத்தவர்கள் உண்டு. கல்தூணுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு நடைமுறைக் காரணம் புரியும். வெயில் காலத்திலும் கல் குளிர்ந்திருக்கிறது. பெஞ்சில் வருவது போலக் கால் மரத்துப்போவதும் இல்லை. எழுந்து போக அவசரம் வருவதில்லை.

மாந்தோப்பில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்

திருப்பத்தூரிலிருந்து சேலம், நாமக்கல், கரூர் வழியாகத் தெற்கே இறங்கினால் குளித்தலை. சென்னையிலிருந்து நேராக வருபவர்கள் திருச்சியில் இறங்கிக் கரூர் பஸ் பிடிக்கிறார்கள். காவிரியின் தென்கரை, வாழைத் தோட்டங்கள் சாலையோரம் வரை வந்து நிற்கும். குளித்தலை ஆட்டோ நிலையத்தில் சாந்திவனம் என்று சொன்னாலே போதும்.

“ஆசிரமத்துக்கா? ஏறுங்க சார். வெள்ளைக்காரங்களத்தான் நெறைய எறக்கிவிட்டிருக்கேன். நம்மாளுங்க வர்றது கொறச்சல்.”

ஆட்டோக்காரர் சொல்வது சரிதான். சாந்திவனம் என்னும் தண்ணீர்ப்பள்ளி சச்சிதானந்த ஆசிரமம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அறியப்பட்ட அளவுக்குத் தாம்பரத்திலோ பள்ளிக்கரணையிலோ அறியப்படவில்லை. 1950 மார்ச் 21, புனித பெனடிக்ட் திருநாளன்று இதைத் தொடங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். ஜூல் மோன்ஷனேன் 1939-இல் இந்தியா வந்து குளித்தலை வட்டாரத்தில் பங்குக் குருவாக இருந்தவர். ஆன்றி லெ சோ பிரிட்டனி மாநிலத்துப் பெனடிக்டின் மடத்திலிருந்து 1948-இல் வந்தவர். திருச்சி ஆயர் ஜேம்ஸ் மென்டோன்சா அனுமதி கொடுத்தார். மாந்தோப்பில் குடிசை போட்டார்கள், காவி உடுத்தார்கள், சைவ உணவுக்கு மாறினார்கள். மோன்ஷனேன் பரம அரூபி ஆனந்தம் என்றும், லெ சோ அபிஷிக்தானந்தர் என்றும் பெயர் பூண்டார்கள்.

மௌனத்தில் கடவுளைத் தேடும் ஓர் இந்தியத் துறவு மடம் அவர்களுடைய கனவு. சேர ஆள் வரவில்லை. வந்தவர்களும் நிலைக்கவில்லை. ஏழு ஆண்டுகளில் மோன்ஷனேன் நோயுற்று, 1957 அக்டோபரில் பாரிஸில் இறந்தார். உலகக் கணக்கில் அது தோல்வி.

லெ சோவின் கதை இன்னும் சிக்கலானது. 1949 ஜனவரியில் இருவரும் திருவண்ணாமலை போய் ரமண மகரிஷியைப் பார்த்தார்கள். அது லெ சோவை விடவில்லை. 1952 முதல் அருணாசல மலைக் குகைகளில் வாரக்கணக்கில் மௌனமாகத் தங்கினார். திருக்கோவிலூர்த் தபோவனத்து ஞானானந்தரிடம் சீடனைப் போல உட்கார்ந்தார். திருப்பலி நிறைவேற்றும் கத்தோலிக்கக் குரு அவர்; குகையின் மௌனத்தில் அவர் உணர்ந்ததை எந்தத் திருச்சபைச் சொல்லிலும் அடைக்க அவரால் முடியவில்லை. இரண்டையும் விடவும் முடியவில்லை. அந்த இழுபறி பல ஆண்டுகள் நீடித்ததை அவருடைய நாட்குறிப்புகள் காட்டுகின்றன. 1968-இல் சாந்திவனத்தைக் கைமாற்றிவிட்டு இமயமலைப் பகுதிக்கே போனார். 1973 டிசம்பரில் இந்தோரில் இறந்தார். மௌனம் அவருக்கு நிம்மதியைவிடச் சங்கடத்தைத்தான் அதிகம் கொடுத்தது.

பொறுப்பேற்றவர் ஆங்கிலேயரான பீட் கிரிஃபித்ஸ். ஆக்ஸ்போர்டில் சி.எஸ். லூயிஸிடம் படித்தவர், 1955-இல் இந்தியா வந்தவர், கேரளத்தின் குரிசுமலை ஆசிரமத்தில் பத்தாண்டு இருந்தவர். 1993-இல் இறக்கும் வரை சாந்திவனத்தின் முகம் அவர்தான். அவருடைய கல்லறையும் இங்கேதான் இருக்கிறது.

சந்தனம், குங்குமம், திருநீறு

ஆசிரமத்தின் நாள் இருட்டிலேயே மணியோசையோடு தொடங்குகிறது. முதலில் தியானம். பலர் காவிரிக் கரைக்குப் போய் உட்காருகிறார்கள். தண்ணீர் ஓடும் மாதங்களும் உண்டு. வெறும் மணலைப் பார்த்து உட்காரும் மாதங்களும் உண்டு. பிறகு ஆலயத்தில் காலை வழிபாடு. வாயிலில் கோபுரம், உள்ளே மண்டபம், அதற்கும் உள்ளே இருண்ட கருவறை. அங்கே நற்கருணைப் பேழை. விவிலியத்தோடு உபநிடதமும் வாசிக்கப்படும். தமிழ் பக்தி இலக்கியமும் ஒலிக்கும். ஆரத்தி வந்ததும் கைகளை நீட்டி ஒளியைக் கண்களில் ஒற்றிக்கொள்கிறார்கள். காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. சந்தனக் கிண்ணம் கை மாறி வரும்போது, வாழ்நாளெல்லாம் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவருக்கு ஒரு நொடி விரல் தயங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இத்தாலியப் பாட்டி தயங்காமல் பூசிக்கொள்வார்.

சாப்பாடு தரையில், பேச்சு கிடையாது. அடுத்தவர் அப்பளம் கடிக்கும் சத்தம் இவ்வளவு பெரிதா என்று முதல் நாள் வருபவர்கள் திடுக்கிடுவார்கள்.

இங்கே கற்றுக்கொள்ளும் ஜெபத்தில் மந்திர மாயம் எதுவும் இல்லை. ஒரு சொல்லையோ ஒரு சிறு வரியையோ மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரு வழி. எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் அதைக் கண்டு, ஐந்தாம் நூற்றாண்டில் ஜான் காசியன் எழுதிவைத்தார். இயேசுவின் பெயரைச் சொல்லி இரக்கம் கேட்கும் சிறு ஜெபத்தைக் கீழைத் திருச்சபையினர் மூச்சோடு சேர்த்துச் சொல்வார்கள். கிரிஃபித்ஸும் அதையே கடைப்பிடித்தார். மனம் அலையும். அலைந்தால் தன்னைத் திட்டிக்கொள்ளாமல் அந்தச் சொல்லுக்குத் திரும்ப வேண்டும். அரை மணியில் ஐம்பது முறை திரும்பினாலும் ஜெபம் அதுதான்.

இன்னொரு வழி, வேதப் பகுதியை மெதுவாக வாசிப்பது. 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ இதை நான்கு படியாகச் சொன்னார்: வாசிப்பு, தியானிப்பு, மன்றாட்டு, கடைசியில் சும்மா கடவுள் முன் இருத்தல். உதாரணமாக, எரிகோவின் பார்வையற்ற பிச்சைக்காரர் பர்த்திமேயு பகுதியை எடுத்துக்கொள்ளலாம். சத்தமாக ஒருமுறை, இடைவெளி, மறுபடி ஒருமுறை. ஒரு சொல் எங்கேயாவது மனதில் சிக்கும். ஒருவருக்கு அவர் கூச்சல் போடுவது. இன்னொருவருக்குச் சும்மா இரு என்று அவரை அதட்டிய கூட்டம். வேறொருவருக்கு, என்ன வேண்டும் என்று இயேசு கேட்ட கேள்வி. சிக்கிய இடத்தில் நின்றுவிட வேண்டும். பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுதான் கஷ்டம். அவர்கள் மூன்று பாயின்ட் எடுத்த பிறகுதான் நிற்பார்கள்.

ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த முதல் முறை உலகம் சுற்றிய பாதையில் தமிழர் வாழும் ஊர் ஒன்றும் உண்டு. 1950-களில் மலாயாவில் பிரிட்டிஷ் அரசுப் பணியில் இருந்த ஜான் மெயின், கோலாலம்பூரில் சுத்த சமாஜம் என்ற அமைப்பை நடத்திய சுவாமி சத்யானந்தாவிடம் தியானம் கற்றார். நீ கிறிஸ்தவன், கிறிஸ்தவச் சொல்லையே எடுத்துக்கொள் என்றார் சுவாமி. பிறகு மெயின் பெனடிக்டின் துறவியானபோது, இதெல்லாம் வேண்டாம் என்று மடத்தில் சொன்னார்கள், விட்டுவிட்டார். பல ஆண்டு கழித்து காசியனைப் படித்தபோதுதான், சுவாமி சொல்லிக் கொடுத்தது தன் சொந்த வீட்டுப் பரணிலேயே கிடந்தது என்று தெரிந்தது. ‘மாரநாதா’ என்ற அரமேயச் சொல்லோடு அவர் தொடங்கிய தியானக் குழுக்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. அவர் பெயரால் 1991-இல் அமெரிக்காவில் நடந்த கருத்தரங்கில் உரையாற்றியவர் சாந்திவனத்து பீட் கிரிஃபித்ஸ். அந்தக் குழுக்கள் உலக அமைப்பாக ஒன்றுசேர்ந்ததும் அங்கேதான்.

மூன்று பக்கத்து அடி

சாந்திவனத்தைப் பாராட்டியவர்கள் அளவுக்கு எதிர்த்தவர்களும் உண்டு. காவியும் ஓம் பொறித்த சிலுவையும் மதமாற்றத்துக்கான வேஷம் என்று இந்து விமர்சகர்கள் 1980-களில் கடுமையாக எழுதினார்கள். கிறிஸ்துவை உபநிடதத்தில் கரைக்கிறார்கள் என்று கத்தோலிக்கரிலேயே ஒரு சாரார் கொதித்தார்கள். கீழைத் தியான முறைகளைக் கையாளும்போது எதில் எச்சரிக்கை தேவை என்று 1989-இல் வத்திக்கானே ஒரு மடல் வெளியிட்டது.

மூன்றாவது விமர்சனம் தமிழ்நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. இங்குள்ள கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். வேதமும் சமஸ்கிருதமும்தான் இந்திய மரபா, பறையும் சேரியும் யாருடைய மரபு என்று தலித் இறையியலாளர்கள் கேட்டார்கள். சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலைக் கற்பித்த அரவிந்த் நிர்மல், இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனை முழுக்கப் பிராமணிய மரபின் மேலேயே கட்டப்பட்டது என்று 1980-களின் தொடக்கத்திலேயே சொன்னவர். ஓய்வும் தனிமையும் வாய்த்தவர்களுக்குத்தான் மௌனம் வாய்க்கும். மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண் எந்த ஆற்றங்கரையில் போய் உட்காருவார்? இந்தக் கேள்விக்கு ஆசிரமங்களிடம் முழுப் பதில் இல்லை. முதியோரைப் பராமரிப்பது, சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவது, தொழில் கற்றுத் தருவது போன்ற பணிகளைச் சாந்திவனம் செய்துவருகிறது. அது பதிலின் ஒரு பகுதி.

காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு விருந்தாளிகள் காய் நறுக்க உட்காருகிறார்கள். மூடியிருந்த வாய்கள் திறக்கும் நேரம் அது. சுரைக்காயைச் சீவிக்கொண்டே கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று எப்போதும் வரும். உள்ளே கேட்பது கடவுளின் குரலா, என் மனம் எனக்குச் சொல்லிக்கொள்வதா, எப்படித் தெரியும்?

பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1521-இல் பாம்ப்லோனா சண்டையில் குண்டடி பட்டுப் படுத்துக் கிடந்த இக்னேஷியஸ் என்ற வீரர் பகல் கனவு கண்டார். ஒரு சீமாட்டிக்காக வீரதீரச் செயல் செய்வதாக ஒரு கனவு. புனிதர்களைப் போல வெறுங்காலோடு யாத்திரை போவதாக இன்னொன்று. காணும்போது இரண்டும் இனித்தன. முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டது; இரண்டாவது கலைந்த பிறகும் மகிழ்ச்சி நின்றது. அந்த வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்துதான் இயேசு சபையின் முப்பது நாள் ஆன்மப் பயிற்சிகள் பிறந்தன. உடனே நம்பாதே, பின்விளைவைப் பார், அனுபவம் உள்ள ஒருவரிடம் சொல்லிச் சரிபார் என்பது அதன் அடிப்படை. சாமுவேலுக்கும் ஓர் ஏலி தேவைப்பட்டார்.

இன்னொரு சோதனை சுவிசேஷத்திலேயே இருக்கிறது. காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவனுக்குச் சகோதரனோடுள்ள மனத்தாங்கல் நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகச் சொன்னார் இயேசு. கண்மூடி உட்காருபவர்களுக்கு முதலில் வருவது பெரும்பாலும் இதுதான்: பாகப் பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன், கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விட்ட அத்தை, கணக்கு முடிக்காமல் அனுப்பிய வேலையாள். இதைக் கவனச் சிதறல் என்று ஒதுக்கிவிட்டுச் சொல்லுக்குத் திரும்புவதா, செய்தியே இதுதான் என்று எடுத்துக்கொள்வதா? அரை மணியில் போய்விட்டால் சிதறல், அடுத்த நாளும் வந்து உட்கார்ந்தால் கவனி என்பார்கள் அனுபவஸ்தர்கள்.

திரும்பும் விருந்தாளிகள் குளித்தலை பேருந்து நிலையத்தில் திருச்சி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஆசிரமத்தில் அணைத்து வைத்த செல்போன்கள் இங்கேதான் உயிர் பெறுகின்றன. அவர்களில் எத்தனை பேர் முதலில் அந்த அண்ணன் நம்பரை அழுத்துகிறார்கள் என்று எந்த ஆசிரமமும் கணக்கு வைப்பதில்லை.